பங்கின் வயதை எங்கிருந்து எண்ணுவது? வடக்கன்குளத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்து, கிறித்தவரான தேவசகாயம் 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய வாழ்க்கையோடு தொடர்புடைய ஊர்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு குழப்பம் எழும். அவர் பிறந்த நட்டாலம் இன்று குழித்துறை மறைமாவட்டத்தில் (ஓர் ஆயர், அதாவது பிஷப், ஆளும் திருச்சபைப் பகுதி) இருக்கிறது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற வடக்கன்குளம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இருக்கிறது. சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலையும், அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயமும் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற 1745-இலும், கொல்லப்பட்ட 1752-இலும் இந்த மூன்று மறைமாவட்டங்களுள் ஒன்றுகூட இல்லை. தூத்துக்குடி 1923-இலும், கோட்டாறு 1930-இலும், குழித்துறை 2014-இலும் உருவானவை.

இதே குழப்பம் சிறிய அளவில் ஒவ்வொரு சிற்றூர்ப் பங்கிலும் உண்டு. "300 ஆண்டுப் பழமையான ஆலயம்" என்று திருவிழா அழைப்பிதழ் சொல்லும்; அதே ஊர் அடுத்த ஆண்டு "பங்கின் பொன்விழா" கொண்டாடும். கோயில் முகப்பில் ஓர் ஆண்டும், கோபுர மணியில் வேறோர் ஆண்டும், பங்கு அலுவலகத்தில் தொங்கும் பங்குத்தந்தையர் பட்டியலில் மூன்றாவது ஆண்டும் இருக்கும். இவற்றுள் ஒன்றுதான் சரி, மற்றவை பிழை என்று கருத வேண்டியதில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்த ஆண்டு எந்தக் கேள்விக்கு விடை என்பதைப் பிரித்தறிந்தால் ஒரு பங்கின் வரலாறு பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பங்கு என்ற சொல்லின் பொருள்

அன்றாடப் பேச்சில் பங்கு என்றால் கோயில். திருச்சபைச் சட்டத்தில் அப்படியன்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 515-ஆம் எண்ணில், பங்கு என்பதை ஒரு மறைமாவட்டத்துக்குள் நிலையாக நிறுவப்பட்ட நம்பிக்கையாளர் சமூகம் என்றும், அதன் மேய்ப்புப் பணி ஆயரின் அதிகாரத்தின் கீழ் ஒரு பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்றும் வரையறுக்கிறது. அதாவது பங்கு என்பது மக்கள். கட்டடம் அந்த மக்களுக்கு உரியது. பங்கை நிறுவவோ, கலைக்கவோ, அதன் எல்லையை மாற்றவோ ஆயர் ஒருவருக்கே அதிகாரம் உண்டு. அவரும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்ட பின்னரே அதைச் செய்ய வேண்டும். முறையாக நிறுவப்பட்ட பங்கு, சட்டத்தின் பார்வையில் தானாகவே ஓர் ஆளாகிவிடுகிறது. அது சொத்து வைத்திருக்கலாம், கடன்படலாம், பங்குத்தந்தை மாறினாலும் தொடர்ந்து இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த அமைப்பைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே வளர்ந்துள்ளது. பழைய ஆவணங்களைப் படிப்பவருக்குப் பின்வரும் சொற்கள் தேவைப்படும்.

1. விசாரணை: பங்குக்கு முந்தைய தலைமுறையின் சொல். ஒரு குருவின் மேற்பார்வையில் இருந்த ஊர்களின் தொகுதி. "விசாரணைச் சாமியார்" என்றால் இன்றைய பங்குத்தந்தை.

2. கிளைப்பங்கு: தனிக் கோயில் இருக்கும், தனித் திருவிழா இருக்கும், ஆனால் தனிக் குரு இருக்க மாட்டார். பங்குத்தந்தை குறித்த நாளில் வந்து திருப்பலி நிறைவேற்றுவார்.

3. மேற்றிராசனம், மேற்றிராணியார்: மறைமாவட்டம், ஆயர் என்பவற்றின் பழைய பெயர்கள். இடையில் மறைவட்டம் என்றும் ஒன்று உண்டு; அது பல பங்குகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு.

4. உபதேசியார்: குரு இல்லாத நாள்களில் செபம் சொல்லி, மறைக்கல்வி கற்பித்து, சாகுந்தறுவாயில் இருப்பவருக்குத் திருமுழுக்கு அளித்து, ஊரைக் கட்டிக் காத்தவர். சிற்றூர்ப் பங்குகளின் வரலாற்றில் இவருக்குக் கிடைத்திருக்கும் இடம் அவர் செய்த வேலைக்கு மிகக் குறைவு. சுவரில் தொங்கும் பட்டியல்களில் குருக்களின் பெயர்கள் மட்டுமே இருப்பதே அதற்குச் சான்று.

நான்கு தொடக்கங்கள்

மேற்சொன்ன வரையறையை வைத்துப் பார்த்தால் ஒரு பங்குக்குக் குறைந்தது நான்கு தொடக்கங்கள் இருக்கலாம்.

1. சமூகத்தின் தொடக்கம். ஓர் ஊரில் முதல் குடும்பங்கள் திருமுழுக்குப் பெற்ற காலம். இது பெரும்பாலும் வாய்மொழி மரபிலும், இயேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஆண்டு மடல்களிலும் மட்டுமே கிடைக்கும்.

2. கட்டடத்தின் தொடக்கம். இதுவும் ஒன்றாக இருப்பதில்லை. ஓலைக் கொட்டகை, மண்சுவர்க் கோயில், காரைக் கட்டடம், இன்றைய கோபுரக் கோயில் எனப் படிகள் உண்டு. முகப்பில் உள்ள ஆண்டு பெரும்பாலும் கடைசிப் படியுடையது. மணியில் வார்க்கப்பட்ட ஆண்டை நம்பிக் கோயிலின் வயதைச் சொல்வது இன்னும் ஆபத்தானது. பழைய கோயிலின் மணி புதிய கோயிலுக்கு ஏறியிருக்கலாம், புதிய மணி பழைய கோயிலுக்கு வந்திருக்கலாம்.

3. பதிவேட்டின் தொடக்கம். திருமுழுக்குப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள தேதி. வரலாற்றாய்வாளருக்கு இதுவே மிக உறுதியான பிடி.

4. சட்டப்படியான தொடக்கம். ஆயரின் ஆணையால் பங்கு நிறுவப்பட்ட நாள். பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் வழக்கமாக இதைக் கொண்டே எண்ணப்படுகின்றன.

வேளாங்கண்ணி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. மாதா காட்சி தந்ததாக மரபு குறிப்பிடுவது 16-ஆம், 17-ஆம் நூற்றாண்டுகளை. ஆனால் அது நாகப்பட்டினத்தின் கிளையாக இருந்து 1771-இல்தான் தனிப் பங்கானது. 1962-இல் பசிலிக்காத் தகுதி பெற்றது. தஞ்சை மறைமாவட்டத்துக்குள் வந்தது 1952-இல். அதுவரை அது மயிலாப்பூருக்கு உட்பட்டிருந்தது. தஞ்சைக்கு இவ்வளவு அருகில் இருந்த ஓர் ஊர் ஏன் தொலைவில் உள்ள மயிலாப்பூரைச் சார்ந்திருந்தது என்று கேட்டால், அடுத்த பகுதிக்குள் நுழைந்தாக வேண்டும்.

இரட்டை ஆட்சி: குழப்பத்தின் வேர்

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளின் வரலாற்றில் மிகுந்த சிக்கலை உண்டாக்கியது யாருடைய ஆட்சிக்கு யார் உட்பட்டவர் என்ற கேள்வியே. இதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்.

முதலாவது பதுரவாதோ. கீழை நாடுகளில் கோயில் கட்டவும், குருக்களை அனுப்பவும், ஆயர்களை முன்மொழியவும் திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) போர்த்துக்கீசிய அரசருக்கு அளித்த காப்புரிமை இது. இதன்படி கோவா மறைமாவட்டம் 1534-இலும், கொச்சி 1558-இலும், மயிலாப்பூர் 1606-இலும் அமைந்தன. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்ததும் இந்தக் காப்புரிமையின் கீழ்தான். 1606-இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்த பின் உள்நாட்டில் வளர்ந்த மதுரை மிஷனும் இதே அமைப்புக்குள் கொடுங்கல்லூர்ப் பேராயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

இரண்டாவது புரோபகாந்தா. மறைபரப்புப் பணியை அரசர்களின் கையிலிருந்து மெல்ல உரோமையின் நேரடிப் பொறுப்புக்குக் கொண்டுவர 1622-இல் நிறுவப்பட்ட திருப்பேராயம், அதாவது உரோமைத் திருச்சபைத் தலைமையின் ஒரு துறை. ஒரு பகுதியில் முழு மறைமாவட்டம் அமைக்காமல், திருத்தந்தையின் பெயரால் ஆட்சி செய்யும் ஒரு பதிலாளரை அது நியமிக்கும். அவருடைய எல்லைக்கு விகாரியேட் என்று பெயர்.

இவை இரண்டும் நெடுங்காலம் அருகருகே இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலை மாறியது. 1759-இல் போர்த்துக்கல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்நாட்டு ஊர்கள் பலவற்றுக்குக் குரு என்பவர் எப்போதோ ஒருமுறை வந்து போகிறவராக ஆனார். புதுச்சேரியிலிருந்து பாரீசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் சில பகுதிகளைக் கவனித்தனர். கோவாவிலிருந்து வந்த குருக்கள் சில பகுதிகளைக் கவனித்தனர். ஊர்களை உண்மையில் தாங்கியவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான். கோயிலின் சாவி, திருவிழாவின் முறை, தேரின் வடம், வரி வசூல் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. பிற்காலத்தில் குருவானவருக்கும் ஊர்க் கமிட்டிக்கும் இடையே எழுந்த உரிமைப் பூசல்கள் பலவற்றுக்கு இந்த இடைவெளியில்தான் வித்து விழுந்தது என்பது என் கணிப்பு. குரு இல்லாமல் இரண்டு தலைமுறை கோயிலைக் காத்த ஊர், புதிதாக வந்த குருவிடம் சாவியை எளிதில் கொடுக்காது.

1814-இல் இயேசு சபை மீண்டும் உயிர்பெற்றது. 1837-இல் நான்கு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரைப் பகுதியில் பணியைத் தொடங்கினர். அதே 1838-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் ஓர் ஆணையின் வழியாகக் கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் ஆகியவற்றின் மீதான பதுரவாதோ ஆட்சியை நீக்கினார். கோவாவைச் சார்ந்த குருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. அதன் விளைவாக ஒரே ஊரில் கோவாக் கட்சி, உரோமைக் கட்சி என்று மக்கள் பிரிந்தனர். சில ஊர்களில் ஒரு தெருவில் ஒரு கோயிலும் அடுத்த தெருவில் இன்னொரு கோயிலும் எழுந்தன. ஒரு கோயிலில் திருமணம் செய்தவரை மறு கோயிலின் குரு ஏற்காத நிலையும் இருந்தது. 1857-இல் ஓர் உடன்படிக்கையும், 1886-இல் இன்னொன்றும் செய்யப்பட்டன. இரண்டாவது உடன்படிக்கையை ஒட்டி இந்தியாவில் முறையான மறைமாவட்ட அமைப்பு நிறுவப்பட்டது. ஆனாலும் சில இடங்கள் போர்த்துக்கீசியக் காப்புரிமைக்குள் விடப்பட்டன. வேளாங்கண்ணி மயிலாப்பூரைச் சார்ந்தே இருந்தது இந்தக் கணக்கில்தான். ஒரே இடத்தில் இரு ஆயர்களின் ஆட்சி என்ற நிலை 1928-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது.

இன்று ஒரே சிற்றூரில் ஐம்பது கெச தூரத்தில் இரண்டு பழைய கத்தோலிக்கக் கோயில்களைக் காண்பவர், அதைப் பக்தி மிகுதி என்று எடுத்துக்கொள்ளும் முன் 1838-க்கும் 1928-க்கும் இடைப்பட்ட இந்தத் தொண்ணூறு ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம். சாதிப் பிரிவினை இன்னொரு காரணம். சில ஊர்களில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

வடக்கன்குளம்: ஒரு பங்கை அருகில் நின்று பார்ப்பது

திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில், பழைய திருவிதாங்கூர் எல்லையை ஒட்டி இருக்கிறது வடக்கன்குளம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்குக் கிறித்தவர்கள் இருந்துள்ளனர். எல்லை என்பதுதான் இந்த ஊரின் வரலாற்றுக்குத் திறவுகோல்.

1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட தளபதி தெ லனாய் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பொறுப்பேற்றார். அவர் கத்தோலிக்கர். அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை அவர் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். ஆனால் மன்னரின் எல்லைக்குள் அவருக்குத் திருமுழுக்கு அளிப்பது யாருக்கும் ஆபத்தாக முடியும். எனவே தெ லனாய் அவரை எல்லைக்கு அப்பால், வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் அனுப்பினார். 1745 மே 14 அன்று நீலகண்ட பிள்ளை அங்கே திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. 1752 சனவரி 14 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை 1756-இல் உரோமைக்கு அறிக்கையாக அனுப்பியவர் கொச்சி ஆயர். தேவசகாயம் கொல்லப்பட்ட இடம் அன்று கொச்சியின் எல்லைக்குள் இருந்தது என்பதே அதற்குக் காரணம். இன்றைய மறைமாவட்டங்களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு 18-ஆம் நூற்றாண்டு ஆவணத்தைத் தேடுகிறவர் தவறான ஊரில் தேடுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வடக்கன்குளத்துக்கு இன்று போகிறவர் பார்க்கும் திருக்குடும்ப ஆலயம் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற கட்டடம் அன்று. அது 1872-இல் கட்டி முடிக்கப்பட்டது. நான்கு தொடக்கங்கள் என்று மேலே சொன்னதில் இரண்டாவது வகையைச் சேர்ந்த ஆண்டு அது. ஆனால் அந்தக் கட்டடம் தன் வயதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. வழக்கமாக ஒரு கோயிலுக்கு வாயிலிலிருந்து பீடம் வரை ஒரே நீண்ட கூடம் இருக்கும். இங்கே இரண்டு நீண்ட கூடங்கள் தனித்தனியே தொடங்கி, சாய்ந்து வந்து, பீடத்தருகே ஒன்று சேர்கின்றன. மேலிருந்து பார்த்தால் காற்சட்டையின் இரு கால்களைப் போலத் தெரியும் என்பதால் "டவுசர் சர்ச்" என்றே அது பேசப்பட்டது. ஒரு கூடத்தில் வெள்ளாளரும் முதலியாரும், மறு கூடத்தில் நாடார்களும் அமர்ந்தனர். இரு சாராரும் பீடத்தைப் பார்க்கலாம், குருவைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சாதிச் சண்டையை நிறுத்த முடியாத நிர்வாகம், அதைக் கல்லிலும் காரையிலும் வரைந்து கொடுத்தது. சமரசம் என்று அன்று கருதப்பட்ட இந்தத் தீர்வைக் கட்டடக் கலை வியப்பாக மட்டும் இன்று எழுதுவது நேர்மையாகாது.

இரு கூடங்களையும் பிரித்த தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அப்போது பங்குப் பொறுப்பில் இருந்தவர் பிரெஞ்சு இயேசு சபைக் குரு கௌசானல். பாளையங்கோட்டையில் திருஇருதய சகோதரர்கள் சபையைத் தோற்றுவித்தவரும் இவரே. சுவர் இடிந்ததும் வழக்கு எழுந்தது. கோயிலில் தங்களுக்குத் தனி உரிமை உண்டு என்று பிள்ளை, முதலியார் வகுப்பினர் நீதிமன்றம் சென்றனர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பார்த் என்பவர் திருச்சி ஆயராக இருந்தவர். நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறதா என்ற கேள்வியை ஆராயும் பிற்கால வழக்குகளிலும் இவ்வழக்கு எடுத்துக்காட்டப்பட்டது. ஒரு சிற்றூர்க் கோயிலின் சுவர் இந்தியச் சட்ட வரலாற்றுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

மேலாட்சியைப் பொறுத்தவரை, 19-ஆம் நூற்றாண்டு முதல் இந்தப் பங்கு கடந்து வந்த படிகள் இவை.

1. 1846: புதுச்சேரியிலிருந்து பிரிந்து மதுரை விகாரியேட் அமைகிறது. அதன் தலைவர் அலெக்சிஸ் கனோஸ்.

2. 1886-87: விகாரியேட் முழு மறைமாவட்டமாகித் திருச்சிராப்பள்ளி என்ற பெயரைப் பெறுகிறது. வடக்கன்குளத்துச் சுவர் வழக்கில் திருச்சி ஆயர் எதிர்வாதியானது இதனால்தான்.

3. 1923: திருச்சியிலிருந்து தூத்துக்குடி பிரிகிறது. அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்தின் முதல் இந்திய ஆயர்.

4. 1973: மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பாளையங்கோட்டை மறைமாவட்டம் பிரிகிறது. இது வடக்கன்குளத்தைத் தொடவில்லை. ஆகவே அரசு ஆவணத்தில் திருநெல்வேலி மாவட்டத்து ஊராகவும், திருச்சபை ஆவணத்தில் தூத்துக்குடி மறைமாவட்டத்துப் பங்காகவும் அது தொடர்கிறது. வருவாய்த் துறை வரைந்த எல்லையும் ஆயர்கள் வரைந்த எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பதிவேடு சொல்வதும் மறைப்பதும்

1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமண விவரங்களைக் குறித்து வைக்கும்படி பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் அதை ஐந்து ஏடுகளாக விரித்தது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, குடும்பங்களின் நிலை. இன்று பங்கு அலுவலகத்தில் இருக்கும் குடும்ப ஏடு இந்த ஐந்தாவதன் வழிவந்ததே. இன்றைய சட்டத்தின் 535-ஆம் எண் இன்னொன்றையும் சேர்க்கிறது. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும், எங்கே குருப்பட்டம் பெற்றாலும், துறவற வார்த்தைப்பாடு கொடுத்தாலும், அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டுக்கு அனுப்பப்பட்டு அவருடைய பெயரருகே குறிக்கப்பட வேண்டும். ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளில்தான் ஊரைவிட்டுப் போனவர்களின் தடம் கிடைக்கும். கொழும்பு, இரங்கூன், பினாங்கு என்று கடல் கடந்து போன தலைமுறைகளைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ஓரம்தான்.

படிக்கும்போது சந்திக்க வேண்டிய தடை மொழி. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. பெயர்கள் இலத்தீனாகும்போது ஆளே மாறிவிட்டது போலத் தோன்றும். பதிவேட்டில் பெத்ருஸ் என்று இருப்பவர் வீட்டில் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன். யொவான்னெஸ் அருளப்பன். யொசேபுஸ் சூசை. அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். தாத்தாவின் பெயர் சின்னப்பன் என்று மட்டும் அறிந்த பேரன், அந்தப் பெயரையே தேடிக்கொண்டிருந்தால் ஆயிரம் பக்கம் புரட்டினாலும் கிடைக்காது. மூலப் பெயர்களின் பொருளை அறிந்து தமிழாக்கிய பழைய மறைபரப்பாளர்களின் நுட்பம் வியக்கத்தக்கது. பவுல் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். பேதுரு என்றால் பாறை. அதனால் கல்லைக் குறிக்கும் இராய் என்ற வழக்கைத் தழுவி இராயப்பர் என்பர்.

இறப்புப் பதிவேடு இன்னும் கடினமான வரலாற்றைத் தாங்கியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சமும் அதைத் தொடர்ந்த பேதியும் ஓர் ஊரில் என்ன செய்தன என்பதற்கு அரசின் மாவட்ட அறிக்கை தருவது மொத்தக் கணக்கு. இறப்புப் பதிவேடு தருவதோ பெயரும் வயதும். ஆனால் அது திருமுழுக்குப் பெற்றவர்களின் ஏடு. அதே தெருவில் இறந்த மற்றவர்கள் அதில் இல்லை. இந்த எல்லையை மறந்து பதிவேட்டை ஊரின் முழு வரலாறாக எடுத்துக்கொள்வது பங்கு மலர்களில் அடிக்கடி காணப்படும் பிழை.

பங்கு பிரியும்போது என்ன நடக்கிறது

கிளைப்பங்கு ஒன்றைத் தனிப் பங்காக உயர்த்தும் செய்தி இதழ்களில் இரண்டு வரியாக வரும். அந்த இரண்டு வரிக்குள் அடங்கியிருப்பவை பல.

1. பதிவேடு. புதிய பங்கு நிறுவப்பட்ட நாளிலிருந்து புதிய பதிவேடு தொடங்கும். பழைய பதிவேடு தாய்ப்பங்கிலேயே இருக்கும். அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. 1970-இல் தனிப் பங்கான ஓர் ஊரில் 1965-இல் பிறந்தவர், திருமுழுக்குச் சான்றிதழுக்குத் தம் ஊர்ப் பங்கை அணுகினால் அங்கே இருக்காது. தாய்ப்பங்குக்குப் போக வேண்டும். திருமணத்துக்கு ஓலை (கோயிலில் படிக்கப்படும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்கப்படுவது, அவருடைய பெயரருகே ஏற்கெனவே வேறு திருமணக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே.

2. சொத்து. திருச்சபைச் சட்டப்படி பங்கின் சொத்து பங்குக்கு உரியது. நிதிக் குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நாட்டின் சட்டப்படி பத்திரம் பெரும்பாலும் மறைமாவட்டத்தின் பெயரிலோ, அது பதிவு செய்துள்ள சங்கத்தின் பெயரிலோ இருக்கும். ஊராரின் நினைவில் அது "எங்கள் பாட்டன் கொடுத்த நிலம்". மூன்று பேரும் மூன்று வேறு விதிகளின்படி பேசுவதால்தான் கோயில் நில வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நீள்கின்றன.

3. திருவிழா. முதல் நாள் கொடியேற்றம் யாருடையது, எந்த மண்டகப்படி எந்தத் தெருவுக்கு, தேர் எந்தத் தெரு வழியாகத் திரும்பும் என்பவை எழுதப்படாத உரிமைகள். பங்கு பிரியும்போது இவை தாய்ப்பங்கில் தங்குமா, புதிய பங்குக்குப் போகுமா என்பதை எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்வதில்லை.

4. சாதி. தனிப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கைக்குத் தூரமும் மக்கள்தொகையும் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், பங்குக் கோயிலில் சமமாக நடத்தப்படாத தலித் கிறித்தவர்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்க வேண்டும் என்று கேட்டனர். அதை எதிர்த்து எழுந்த கலவரத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, இருவர் உயிரிழந்தனர். வடக்கன்குளத்தில் 1910-இல் இடிந்தது ஒரு சுவர்தான் என்பதை எறையூர் நினைவூட்டியது. பங்கை நிறுவும் அதிகாரம் ஆயர் ஒருவருக்கே உண்டு என்ற விதி இங்கே வெறும் நிர்வாக விதியாக நிற்பதில்லை. தனிப் பங்கு கொடுத்தால் பிரிவினையை ஏற்றதாகும். கொடுக்காவிட்டால் அவமதிப்பைத் தொடர விட்டதாகும். இந்த இரண்டுக்கும் இடையே முடிவெடுக்க வேண்டியவர் அவரே.

பங்கு வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு

நினைவு மலருக்காகத் தங்கள் பங்கின் வரலாற்றைத் தொகுப்பவர்கள், ஒவ்வோர் ஆண்டின் அருகிலும் அது எதன் ஆண்டு என்று ஒரு சொல் எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: முதல் திருமுழுக்கு, அடிக்கல், மந்திரிப்பு, முதல் பதிவு, பங்கு உதயம், முதல் நிலையான பங்குத்தந்தை. அடுத்து, அந்தக் காலத்தில் ஊர் எந்த ஆயருக்கு உட்பட்டிருந்தது என்பதைக் குறிக்க வேண்டும். ஏனெனில் கடிதங்களும் அறிக்கைகளும் அந்த ஆயரகத்துக்கே போயிருக்கும். கோட்டாறுப் பகுதியின் 19-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களைத் தூத்துக்குடியில் தேடிப் பயனில்லை. கோட்டாறு 1930-இல் பிரிந்தது கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து. வடக்கன்குளத்தின் அதே காலக் கடிதங்களோ திருச்சிக்குப் போயிருக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடியது.

இந்த எல்லைகள் இன்னும் மாறலாம். குழித்துறை பிரிந்து எட்டு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில் தேவசகாயத்தின் பிறந்த ஊர் கோட்டாற்றிலிருந்து கைமாறி அவர் புனிதராக அறிவிக்கப்பட்டுவிட்டார். ஆனால் இன்று நட்டாலத்தில் பிறந்து வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெறும் ஒரு குழந்தை வளர்ந்து, கோட்டாற்றில் திருமணம் செய்ய ஓலை கொடுக்கும்போது, அங்குள்ள பங்குத்தந்தை கேட்கப்போவது வடக்கன்குளத்துச் சான்றிதழைத்தான். திருமணம் முடிந்ததும் குறிப்பு திரும்பிப் போவதும் அந்தப் பதிவேட்டின் ஓரத்துக்குத்தான்.